புல் நகானோ: அந்த 1,057 நாளைப் பற்றி யாராவது பேசுங்கள்

மேல்கயிறு எழுதியது:

நம் இடத்தில் ஜப்பானிய மல்யுத்த வீராங்கனை புல் நகானோ பேச்சு எடுத்தாலே ஒரே வரிதான் வருகிறது. "நிமிர்ந்து நிற்கிற முடி, முகச்சாயம், பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். சாம்பியன், 2024-ல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்." அவ்வளவுதான். அந்த அமெரிக்க நிறுவனத்தின் சாம்பியன் பெல்ட் அவரிடம் இருந்தது 1994 நவம்பர் 20 முதல் 1995 ஏப்ரல் 3 வரை. நாலரை மாதம். அதற்கு முன்னால் ஜப்பானில் வேறொரு பெல்ட்டை 1,057 நாள் விடாமல் வைத்திருந்தார். அதைப் பற்றி இங்கே ஒரு பதிவுகூட இல்லை. ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். 90களின் ஜப்பானியப் பெண்கள் மல்யுத்தத்தைப் பொற்காலம் என்கிறோம். மனாமி டொயோட்டா, அஜா காங், அகிரா ஹொகுட்டோ, கியோகோ இனோவே என்று பட்டியல் போடுகிறோம். அவர்கள் எல்லோரும் நடந்து வந்த பாதையை வெட்டியவர் புல். அதுவும், எல்லோரும் வெறுக்க வேண்டும் என்றே தயார் செய்யப்பட்ட ஒரு வில்லி.

இயற்பெயர் கெய்கோ நகானோ. 1968 ஜனவரி 8 அன்று சைத்தாமாவில் உள்ள கவாகுச்சியில் பிறந்தார். சின்ன வயதில் மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோகி என்றால் உயிர். 1983 செப்டம்பரில், 15 வயதில், ஆல் ஜப்பான் விமன்ஸ் நிறுவனத்தில் முதல் ஆட்டம். மட்சுனாகா சகோதரர்கள் 1968-ல் தொடங்கிய நிறுவனம் அது. மது கூடாது, புகை கூடாது, காதல் கூடாது. 25 வயது வந்தால் ஓய்வு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வரும் பெண்கள், பத்து வருடம் உடம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியிருந்தது.

அங்கே பெரிய வில்லியான டம்ப் மட்சுமோட்டோவின் கண்ணில் பட்டார் கெய்கோ. டம்ப்பின் கூட்டத்துக்கு கொகுஅகு தோமே என்று பெயர். தமிழில் சொன்னால் படுபாவிகள் கூட்டணி. வில்லியாகும் ஆசை இந்தப் பெண்ணுக்குத் துளியும் கிடையாது. டம்ப் விடவில்லை. தலையில் ஒரு பக்கத்தை மழித்தார்கள். முகத்தில் சாயம் பூசினார்கள். கையில் நுஞ்சாகு கட்டையைக் கொடுத்தார்கள். காளை என்ற பொருளில் "புல்" என்று பெயரும் வந்தது. பாதித் தலை மழித்த பதின்ம வயதுப் பெண். அந்தக் கோலத்தில்தான் கடைக்குப் போக வேண்டும், ரயில் ஏற வேண்டும், அம்மா முகத்தில் விழிக்க வேண்டும்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். தெரிந்தவர்கள் இடையில் சொல்லுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

நல்ல ஆரம்பம், அண்ணா. எனக்கு டம்ப் மட்சுமோட்டோவைத் தெரிந்ததே 2024 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் அவர் கதை ஐந்து பாகத் தொடராக வந்த பிறகுதான். அந்த மொட்டை மேட்ச்சைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நடந்ததா?

இன்னொரு கேள்வி. 25 வயதில் ஓய்வு என்று ஏன் வைத்தார்கள்? அதுதானே உடம்பு முறுக்கேறி நிற்கிற வயது?

மேல்கயிறு எழுதியது:

நடந்தது, தம்பி. 1985 ஆகஸ்ட் 28, ஒசாகா ஜோ ஹால். தோற்றவர் தலையை மழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டம்ப்பும் சிகுசா நகாயோவும் மோதினார்கள். சிகுசா அப்போது கிரஷ் கேல்ஸ் ஜோடியில் பாதி. பாட்டுத் தட்டு போட்டவர், பள்ளிப் பெண்களின் தெய்வம். அவர் தோற்றார். ரிங்குக்கு நடுவில் உட்காரவைத்து முடியை வெட்டினார்கள். அரங்கம் நிறையப் பதின்ம வயதுப் பெண்கள், தேம்பித் தேம்பி அழுதார்கள். நமக்கு மொட்டை என்றால் வேண்டுதல், குலதெய்வம், காதுகுத்து. அங்கே அது ஊரறிய நடந்த அவமானம். அன்று டம்ப்பின் படையில் இருந்த புல்லுக்கு வயது 17. எதிர்ப்பக்கம் அழுத பெண்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

25 வயது விஷயம். பார்க்க வருகிறவர்கள் பள்ளிப் பெண்கள். தங்களைவிடக் கொஞ்சம் மூத்த அக்காவாக இருந்தால்தான் ஒட்டுவார்கள் என்பது கணக்கு. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் சம்பளமும் ஏறாது என்ற கணக்கும் கூடவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். எனக்கு அந்த விதி மேல் கோபம் உண்டு. ஆனால் அந்த விதிதான் புல்லுக்கு இடத்தையும் கொடுத்தது. 1988 பிப்ரவரியில் டம்ப் ஓய்வு. 1989 மேயில் சிகுசா, ஆகஸ்டில் கிரஷ் கேல்ஸின் மறுபாதி லயனஸ் அசுகா. இரண்டு வருடத்துக்குள் வீட்டின் தூண் எல்லாம் போய்விட்டது.

வடக்குவாசல் எழுதியது:

மேல்கயிறு, மரியாதையோடு மறுக்கிறேன். நீங்களே சொல்லிவிட்டீர்கள், தூண் எல்லாம் போய்விட்டது என்று. காலியான வீட்டில் இருந்தவரிடம் சாவியைக் கொடுத்தார்கள். அதைப் பாதை வெட்டியது என்று சொல்லலாமா?

ஜப்பான் பெண்கள் மல்யுத்தத்தில் பாதை வெட்டியவர் என்றால் எனக்கு சிகுசாதான். ஒரு தலைமுறையையே ரிங் பக்கம் இழுத்தார். பின்னால் திரும்பி வந்து 1995-ல் கேயா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 15 வயதில் அங்கே வந்த மெய்கோ சடோமுரா 2025 ஏப்ரலில் ஓய்வு பெறும்வரை முப்பது வருடம் ஆடினார். பரம்பரை என்றால் இது. புல் யாரை உருவாக்கினார்?

மேல்கயிறு எழுதியது:

நியாயமான கேள்வி, வடக்குவாசல். பரம்பரை விஷயத்தில் சிகுசாவுக்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். "புல் யாரை உருவாக்கினார்" என்றால் ஒரே ஒரு பெயர் சொல்வேன், அஜா காங். விளக்கமாகவே எழுதுகிறேன்.

1990 ஜனவரி 4. அசுகா விட்டுப்போன டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. பட்டம், அதாவது ஆல் ஜப்பானின் உச்சப் பட்டமான சிவப்பு பெல்ட். அந்த 1,057 நாள் கணக்கு இந்த பெல்ட்டில்தான். மிட்சுகோ நிஷிவாகியை ஜெயித்து புல் எடுக்கிறார். 22-வது பிறந்தநாளுக்கு இன்னும் நாலு நாள். கூட்டம் சுருங்கிவிட்டது, அழுத பெண்கள் வளர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், தொலைக்காட்சியிலும் பழைய நேரம் கிடையாது. சாம்பியனோ வில்லி. எதிர்த்து நிற்க சிகுசா மாதிரி ஒரு நாயகியும் இல்லை.

இங்கேதான் புல் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாயகியைத் தேடி உட்கார்ந்திருக்கவில்லை. தன்னைவிடப் பயங்கரமான ஒருத்தியை எதிரே நிற்கவைத்தார். அஜா காங், தச்சிகாவாவில் பிறந்தவர். அப்பா கறுப்பின அமெரிக்க ராணுவ வீரர், அம்மா ஜப்பானியர். அவரும் டம்ப் கூட்டத்துக் கடைக்குட்டியாக இருந்தவர்தான். புல்லிடமிருந்து பிரிந்து பைசன் கிமுராவோடு ஜங்கிள் ஜாக் என்று ஜோடி கட்டினார். கையில் தகர எண்ணெய் டின். அதை வைத்தே மண்டையில் போடுவார்.

வில்லிக்கு எதிரே வில்லி. புல் ஏமாற்றுவதைக் குறைத்தார், அடியையும் தாங்குவதையும் கூட்டினார். வேஷத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. அதே முகச்சாயம், அதே கட்டை, வானத்தைப் பார்த்த அதே முடி. ஆனால் சனம் கட்சி மாறிவிட்டது. வெறுக்க வந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

நீலப்பொட்டு எழுதியது:

அண்ணா, நான் சொல்ல நினைத்ததை நீங்களே தொட்டுவிட்டீர்கள். அந்த "கட்சி மாறியது" எனக்கு ரொம்ப முக்கியம்.

நான் கல்லூரியில் குண்டு எறிந்தவள். உடம்பு கொஞ்சம் பெரிது. மைதானத்தில் நல்ல பெயர், வெளியே வந்தால் கேலி. புல் நகானோவின் ஆட்டத்தை முதலில் பார்த்தபோது என்னைப் பிடித்து இழுத்தது அவர் அடித்தது இல்லை, நடந்து வந்த விதம். தோளைக் குறுக்கவே மாட்டார். முடியை வேறு மேலே நிறுத்தி, இருக்கிற உயரத்துக்கு மேல் இன்னும் உயரம் சேர்த்துக்கொண்டு வருவார். இடத்தை அடைத்துக்கொள்வது தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

டம்ப் மழித்துவிட்ட தலை அது. அந்தத் தலையையே பின்னால் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டார் பாருங்கள்.

கரிசல்காடு எழுதியது:

அக்கா, அருமை. இதைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

மேல்கயிறு அண்ணா, புல்லும் அஜாவும் மோதிய கூண்டு மேட்ச் பற்றி எழுதுங்கள். துண்டு காணொளிதான் பார்த்திருக்கிறேன்.

மேல்கயிறு எழுதியது:

1990 நவம்பர் 14, யோகோஹாமா. ரிங்கைச் சுற்றி இரும்புக் கம்பி வலை. அஜா மல்லாந்து கிடக்கிறார். புல் மூலையில் ஏறுகிறார், முதலில் கயிறு, பிறகு வலையில் விரலைக் கோத்துக்கோத்து. உச்சிக்குப் போய்ச் சட்டத்தின் மேல் நிற்கிறார். கீழே இருக்கிறவர்களுக்கு ஏன் நிற்கிறார் என்று புரியவில்லை, இறங்கி வெளியே போனால் போதுமே, வெற்றி அவருக்கு. அவர் உள்பக்கம் திரும்புகிறார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் கும்பிடுகிறார்.

அந்தக் கும்பிடை நான் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று கணக்கில்லை. காட்டிக்கொள்வதற்கான பாவனை அதில் இல்லை. பயந்த ஒருவர் சாமியைக் கூப்பிடுகிற கும்பிடு. பிறகு குதிக்கிறார். காலை நீட்டி, உட்கார்ந்த வாக்கில், அத்தனை எடையும் அத்தனை உயரத்திலிருந்து. கில்லட்டின் லெக் டிராப். ஆட்டம் அதோடு புல்லுக்கு.

அதற்கு முன்னால் அஜா பெரிய ஆளா என்று கேட்டால் சனம் யோசித்திருக்கும். அவளை வீழ்த்த சாம்பியன் கூண்டு உச்சியிலிருந்து குதிக்க வேண்டியிருந்தது என்று பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. தோற்றவள்தான் அன்று வளர்ந்தாள். வடக்குவாசல், "உருவாக்கினார்" என்று நான் சொன்னது இதைத்தான்.

1991 ஜனவரியில் இன்னொரு மொட்டை மேட்ச். புல்லும் கியோகோ இனோவேயும் ஒரு பக்கம், அஜாவும் பைசனும் மறுபக்கம். அஜா, பைசன் இரண்டு பேர் தலையும் போனது. அப்படியும் அஜா விடவில்லை, இரண்டு வருடம் திரும்பத் திரும்ப வந்தார். 1992 நவம்பர் 26, கவாசாகியில்தான் சிவப்பு பெல்ட் அவர் கைக்குப் போனது. அந்த பெல்ட்டை அஜா 1995 மார்ச் வரை வைத்திருந்து டொயோட்டாவிடம் தோற்றார். புல், அஜா, டொயோட்டா. ஐந்து வருடத்துக்கும் மேல், மூன்றே பேர். அந்த பெல்ட்டுக்கு ஒரு கனம் வந்தது அப்படித்தான்.

முழங்கால் எழுதியது:

நான் இயன்முறை மருத்துவம் பார்க்கிறவன். கபடி, மல்யுத்தப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். அந்தக் குதியைப் பற்றி என் பங்குக்கு ஒன்று.

லெக் டிராப்பில் வாங்குகிறவருக்கு விழுகிற அடியை ஆடுகிறவர் தன் தொடையால் கட்டுப்படுத்துகிறார். ஆனால் போடுகிறவர் விழுவது புட்டத்தின் மேல். அதிர்ச்சி வால் எலும்பில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாக நேரே மேலே போகும். குதிகாலில் இறங்கினால் முழங்காலை மடக்கிக் கொஞ்சம் குறைக்கலாம். உட்கார்ந்து விழும்போது மடக்க ஒன்றுமே இல்லை. ஹல்க் ஹோகன் தரையில் நின்றபடி போட்ட லெக் டிராப்பாலேயே இடுப்பும் முதுகும் போனதென்று பிற்காலத்தில் வருத்தப்பட்டார். இந்த அம்மா போட்டது கயிற்றின் மேலிருந்து, அன்று கூண்டின் மேலிருந்து. முடித்து எழுந்து நடந்ததே எனக்கு ஆச்சரியம்.

பனைநிழல் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிற ஆட்டம்தானே? 1,057 நாள் வைத்திருந்தார் என்றால் நிறுவனம் வைத்திருக்கச் சொன்னது. அதை சாதனை என்று எப்படி எடுத்துக்கொள்வது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மேல்கயிறு எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். ஆல் ஜப்பானில் ஒரு விசித்திரம் இருந்தது. இளையவர்கள் மோதுகிற ஆட்டங்களில் கடைசிக் கட்டத்தில் நிஜமாகவே ஒருவரை ஒருவர் அமுக்கிப் பிடிக்க விடுவார்கள், ஜெயிப்பவர் ஜெயிக்கட்டும் என்று. யாருக்குள் நெருப்பு இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அந்த வடிகட்டலில் மேலே வந்தவர்கள்தான் இவர்கள்.

பெரிய ஆட்டங்களின் முடிவு பேசி வைத்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முடிவைத்தான் பேசி வைக்கலாம். உயரத்தையும் எடையையும் பேசி வைக்க முடியாது, முழங்கால் மேலே எழுதியிருக்கிறார். சனம் அவரை நேசிக்கும் என்பதையும் யாரும் பேசி வைக்கவில்லை.

பனைநிழல் எழுதியது:

புரிகிறது. நன்றி. கூண்டு ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வடக்குவாசல் எழுதியது:

அஜா விஷயத்தில் உங்கள் வாதம் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சிகுசாவை நான் இறக்கமாட்டேன், அது வேறு.

அமெரிக்கப் பகுதியைச் சும்மா தள்ளிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் புல்லைப் பார்த்தது கேபிள் டிவியில், பத்து வயதில். அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து அப்பா பின்னால் போய் நின்றேன்.

மேல்கயிறு எழுதியது:

தள்ளவில்லை, சரியான இடத்தில் வைக்கிறேன். 1992-ல் மெக்சிகோவில் சி.எம்.எல்.எல். நிறுவனத்தின் முதல் பெண்கள் சாம்பியன் ஆனார். 1994-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். எதிராளி அலுண்ட்ரா பிளேஸ், அதாவது மடுசா. ஆல் ஜப்பானிலேயே தங்கி ஆடிப் பழகியவர். அதனால்தான் அந்த இரண்டு பேரின் ஆட்டம் மட்டும் அன்றைய அமெரிக்கப் பெண்கள் ஆட்டங்களிலிருந்து தனியாகத் தெரிகிறது. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் பெரிய நிகழ்ச்சியான சம்மர்ஸ்லாமில், சிகாகோவில், புல் தோற்றார். நவம்பர் 20 அன்று டோக்கியோ டோமில் ஆல் ஜப்பான் நடத்திய மாபெரும் நிகழ்ச்சியில் ஜெயித்தார். அமெரிக்க பெல்ட்டை சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் வாங்கினார்.

1995 ஏப்ரலில் மடுசா திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த வருடம் டிசம்பரில் மடுசா அதே பெண்கள் பட்ட பெல்ட்டோடு போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போய், நேரலையில் குப்பைத் தொட்டியில் போட்டார். டபிள்யூ.டபிள்யூ.எஃப். அந்தப் பட்டத்தையே 1998 வரை மறுபடி கொண்டுவரவில்லை. ஒரு நிறுவனம் தன் பெண்கள் பிரிவை எந்த மதிப்பில் வைத்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. டபிள்யூ.சி.டபிள்யூ.விலும் புல்லுக்கு மடுசாவோடு ஆட்டம் வந்தது. 1996-ல், தோற்றவரின் மோட்டார் சைக்கிளை உடைப்பது என்ற நிபந்தனை. புல்லின் வண்டி உடைந்தது. சிவப்பு பெல்ட்டை 1,057 நாள் சுமந்தவருக்கு அங்கே கிடைத்த வேலை அது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

1997-ல் காயத்தோடு ஆட்டம் நின்றது. வயது 29.

நீலப்பொட்டு எழுதியது:

அதற்கப்புறம் கோல்ஃப், இல்லையா? அதையும் சொல்லுங்கள் அண்ணா.

மேல்கயிறு எழுதியது:

ஆமாம் அம்மா. தொழில்முறை கோல்ஃப் ஆட வேண்டும் என்று முப்பது வயதுக்குப் பக்கத்தில் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்து, அங்கே பெண்கள் கோல்ஃபின் இரண்டாம் நிலைத் தொடர்வரை போனார். பெரிய அளவில் வெற்றி இல்லை. உடம்பை இளைத்து, சாயமில்லாத முகத்தோடு கோல்ஃப் மட்டையும் கையுமாக இருக்கிற படங்களைப் பார்த்தால் அடையாளமே தெரியாது.

முறையான விடைபெறல் நடக்காமலே கிடந்தது. 2012 ஜனவரி 8, தன் 44-வது பிறந்தநாளில், டோக்கியோ டோம் சிட்டி ஹாலில் தானே நிகழ்ச்சி நடத்தி விடைபெற்றார். ஆட்டம் நின்று பதினைந்து வருடம் கழித்து. 25-ல் ஓய்வு என்று எழுதி வைத்த விதியிலிருந்து வந்தவர்.

2024 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் புகழ் மண்டபத்துக்கு அவரை அழைத்து மேடையேற்றியது மடுசா.

கரிசல்காடு எழுதியது:

வண்டியை உடைத்தவரே மேடையேற்றினாரா! இது தெரியாமலேதான் அந்தப் பேச்சைப் பார்த்திருக்கிறேன். மறுபடி பார்க்க வேண்டும்.

பனைநிழல் எழுதியது:

கூண்டு ஆட்டம் முழுசாகப் பார்த்துவிட்டேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். அவருக்கு மல்யுத்தம் ஆகாது, பார்க்கவே மாட்டார். கும்பிடுகிற இடம் வந்ததும் பூத்தொடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "இறங்கிடும்மா" என்றார், திரையைப் பார்த்து.

புல் இறங்கவில்லை. அம்மா இரண்டாவது தடவை போடச் சொன்னார்.